ஆபீஸ் போனையும் கஸ்டமர் சாஃப்ட்வேரையும் இணைச்சு ஒரு வருஷம்: ஆஸ்டரிஸ்க் ஏஎம்ஐ என் அனுபவத்துல

எங்க ஆபீஸ்ல போன் சிஸ்டம் ஒரு பக்கம், கஸ்டமர் விவரம் இருக்கற சாஃப்ட்வேர் ஒரு பக்கம்னு ரொம்ப நாளா தனித்தனியா ஓடிட்டு இருந்துச்சு. போன் அடிக்கும், எடுப்போம், "பேர் சொல்லுங்க, ரெஜிஸ்டர் பண்ண நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்டு டைப் பண்ணி தேடுவோம், அதுக்குள்ள அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு பொறுமை போயிடும். இது ரெண்டையும் நெட்வொர்க் வழியா ஒண்ணோட ஒண்ணு பேச வெக்கறதுக்கு பேரு தான் சிடிஐ, அதாவது கம்ப்யூட்டர் டெலிஃபோனி இன்டக்ரேஷன். ஒரு வருஷமா ஆஸ்டரிஸ்க்னு ஒரு போன் சிஸ்டம் சாஃப்ட்வேரை சர்வர்ல போட்டு, அதோட ஏஎம்ஐ (ஆஸ்டரிஸ்க் மேனேஜர் இன்டர்ஃபேஸ், வெளி புரோகிராம் அது கிட்ட பேசறதுக்கான வழி) வழியா எங்க சாஃப்ட்வேரை இணைச்சு ஓட்டிட்டு இருக்கோம். செட்டப் பண்ணது நான் தான், இப்ப பாத்துக்கறதும் நான் தான். போடலாமா வேணாமான்னு யோசிக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இது ரொம்ப புடிச்சிருக்கு, அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அந்த ஒண்ணை குறைச்சதுக்கு காரணம் கால் ட்ரான்ஸ்ஃபர். ஸ்கிரீன்ல கஸ்டமர் பேர் வர வெக்கறது ஒரு நாள் வேலை, ஆனா ஒரு கால் ரெண்டு மூணு கை மாறினப்புறமும் இது அதே கால் தான்னு சாஃப்ட்வேருக்கு புரிய வெக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு.

இதுக்கு முன்னாடி எங்க கிட்ட ஒரு பழைய பிபிஎக்ஸ் பெட்டி, அதாவது ஆபீஸ் போனையெல்லாம் இணைக்கற எக்ஸ்சேஞ்ச், இருந்துச்சு, எந்த கம்பெனின்னு சொல்லல. அதுக்கு டேப்பி டிரைவர் குடுத்திருந்தாங்க. டேப்பிங்கறது மைக்ரோசாஃப்ட்டும் இன்டெல்லும் சேர்ந்து 1993ல கொண்டு வந்தது. விண்டோஸ்ல ஓடற எந்த அப்ளிகேஷனும் ஒரே மாதிரி கமாண்ட் குடுத்து எந்த போனையும் இயக்கலாம், அந்தந்த போன் சிஸ்டம் செய்யறவங்க தங்களோட பெட்டிக்கு டிஎஸ்பின்னு ஒரு டிரைவர் எழுதி குடுத்தா போதும். யோசனை அருமையான யோசனை, ஆனா எல்லாமே அந்த டிரைவரை எழுதினவங்க கையில இருக்கு. எங்களுக்கு வந்தது 32 பிட் டிரைவர். 64 பிட் விண்டோஸ்ல டெலிஃபோனி சர்வீஸே 64 பிட்டா தான் ஓடுது, அதுக்குள்ள லோடு ஆகற டிரைவரும் 64 பிட்டா தான் இருக்கணும், அதனால இந்த ஒரு டிரைவருக்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரை மூலைல வெச்சு யாரும் ஆஃப் பண்ணிடாதீங்கன்னு அதுமேல பேப்பர் ஒட்டி வெச்சிருந்தோம். சப்போர்ட்டுக்கு போன் பண்ணா புது பெட்டி வாங்கிக்கோங்கன்னு ஒரே பதில். அதோட போதும்னு ஆச்சு.

ஆஸ்டரிஸ்க் ஓப்பன் சோர்ஸ், மார்க் ஸ்பென்சர் 1999ல ஆரம்பிச்சது, இப்ப சங்கோமா கம்பெனி பாத்துக்கறாங்க. எனக்கு இதுல முதல்ல புடிச்சது ஏஎம்ஐயோட எளிமை தான். சர்வரோட 5038 போர்ட்டுக்கு டெல்நெட் (எழுத்தாலயே சர்வரோட பேசற ஒரு சின்ன புரோகிராம்) அடிச்சா ஒரு வரி வணக்கம் சொல்லும், லாகின் ஆக்‌ஷன் அனுப்பி யூசர்நேம் பாஸ்வேர்டு குடுத்து ரெண்டு தடவை என்டர் அடிச்சா உள்ள போயிடலாம். அவ்ளோ தான், அதுக்கப்புறம் ஆபீஸ்ல எந்த போன் அடிச்சாலும் அது அந்த கருப்பு ஸ்கிரீன்ல வரி வரியா ஓடும். புது சேனல் (ஒரு போனுக்கும் சர்வருக்கும் நடுவுல இருக்கற ஒரு இணைப்பு) வந்துச்சு, அடிக்குது, எடுத்துட்டாங்க, ஹோல்டுல போட்டாங்க, வெச்சுட்டாங்க. எல்லாம் பேரு, ஒரு முக்காற்புள்ளி, அதுக்கு எதிர்ல மதிப்பு, ஒரு காலி வரி வந்தா அந்த இவென்ட், அதாவது நடந்த ஒரு விஷயத்தைப் பத்தின தகவல், முடிஞ்சுது. எந்த டூலும் இல்லாம கண்ணாலயே படிக்கலாம். முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் கிளம்பினப்புறம் நான் மட்டும் உக்காந்து ஒரு போன்லேர்ந்து இன்னொரு போனுக்கு அடிச்சு அடிச்சு அந்த வரிங்க ஓடறதை பாத்துட்டு இருந்தேன், இத்தனை வருஷமா மூடின பெட்டியா இருந்த ஒரு விஷயம் தன்னால வாய் திறந்து பேசற மாதிரி இருந்துச்சு.

ஒரு விஷயம் ஆரம்பத்துலயே சரியா பண்ணோம், நீங்களும் அப்படியே பண்ணுங்க. ஒவ்வொரு ஸ்டாஃப் கம்ப்யூட்டரும் நேரா ஏஎம்ஐக்கு கனெக்ட் ஆகக்கூடாது. நடுவுல ஒரு சின்ன சர்வீஸ் எழுதி வெச்சோம், அது மட்டும் ஒரே ஒரு கனெக்‌ஷன்ல ஆஸ்டரிஸ்க் கிட்ட பேசும், வர்ற இவென்ட்டை எல்லாம் சலிச்சு யாருக்கு எது வேணுமோ அதை மட்டும் வெப்சாக்கெட் (எப்பவும் திறந்தே இருக்கற இணைப்பு) வழியா அவங்கவங்க பிரவுசருக்கு அனுப்பும். ஒரே ஒரு சாதாரண காலுக்கே இவென்ட்டுங்க பத்து இருபதுன்னு வருது, அதுல நமக்கு வேணுங்கறது மூணோ நாலோ. ஆஸ்டரிஸ்க் பக்கமே இவென்ட் ஃபில்டர் போடற வசதியும் இருக்கு, அதையும் போட்டுட்டா இன்னும் நிம்மதி.

பாப்-அப் பத்தி, அதாவது கால் வரும்போது ஸ்கிரீன்ல தானா திறக்கற கஸ்டமர் விவர கார்டு. போன் அடிக்கும்போதே கார்டு காட்டணுமா, எடுத்தப்புறம் காட்டணுமாங்கறதுல எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதமே நடந்துச்சு. ஒருத்தர் போன் மட்டும் அடிச்சா அடிக்கும்போதே காட்டறது தான் நல்லது, எடுக்கறதுக்கு முன்னாடியே யாருன்னு தெரிஞ்சுக்கலாம். ஆனா க்யூல போட்டு ஆறு பேருக்கு ஒண்ணா அடிக்கும்போது ஆறு பேர் ஸ்கிரீன்லயும் கார்டு வந்து விழும், அவங்க பாதில டைப் பண்ணிட்டு இருக்கற வேலை மேலயே வந்து உக்காரும், ரெண்டே நாள்ல எல்லாரும் இதை ஆஃப் பண்ணுங்கன்னுட்டாங்க. இப்ப அடிக்கும்போது ஓரத்துல சின்னதா பேர் மட்டும், யார் எடுக்கறாங்களோ அவங்களுக்கு மட்டும் முழு கார்டு. க்யூல இதுக்குன்னே தனித்தனி இவென்ட் இருக்கு, ஏஜென்ட்டுக்கு, அதாவது போன் எடுக்கற ஸ்டாஃபுக்கு, அடிக்கும்போது ஏஜென்ட்கால்டு, எடுத்தப்புறம் ஏஜென்ட்கனெக்ட், எவ்ளோ நேரம் காத்திருந்தாங்கன்னு செகண்ட் கணக்கும் அதுலயே வந்துடும். அந்த காத்திருந்த நேரத்தை கார்டு மேலயே காட்டறோம். ஒருத்தர் நாலு நிமிஷம் காத்திருந்திருக்காருன்னு தெரிஞ்சா எடுக்கறவங்க பேசற விதமே மாறுது, இதை நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்.

நம்பர் மேட்ச் பண்றது சின்ன விஷயம் மாதிரி தெரியும், இல்ல. ஒரே ஆளோட நம்பர் லைன்லேர்ந்து ஒரு நாள் பிளஸ்ஸும் நாட்டு கோடும் சேர்ந்து வரும், ஒரு நாள் முன்னாடி சைபர் போட்டு வரும், நம்ம டேட்டாபேஸ்ல யாரோ நடுவுல சின்ன கோடு (-), ஸ்பேஸ் எல்லாம் போட்டு ஏத்தி வெச்சிருப்பாங்க. ஈ.164ங்கற உலக அளவு போன் நம்பர் முறைப்படி நாட்டு கோடோட சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கம், அந்த வடிவத்துக்கு எல்லாத்தையும் மாத்தி டேட்டாபேஸ்ல தனி கட்டத்துல வெச்சுக்கிட்டா தேடறதும் வேகமா இருக்கும். ஒரே நம்பர்ல மூணு கஸ்டமர் இருந்தா சாஃப்ட்வேர் தானா ஒருத்தரை தேர்ந்தெடுக்கக்கூடாது, மூணு பேரையும் காட்டணும். தப்பான ஆளோட விவரத்தை திறந்து வெச்சுக்கிட்டு பேசறது விவரமே இல்லாம பேசறதை விட ஆபத்து.

கிளிக் பண்ணி டயல் பண்றது சுலபமா வந்துடுச்சு. ஒரிஜினேட்னு ஒரு ஆக்‌ஷன், நம்ம மேஜை போனை முதல்ல அடிக்கும், எடுத்ததும் கஸ்டமருக்கு டயல் ஆகும். பழகாதவங்க முதல் தடவை குழம்பிடுவாங்க, நான் தானே கூப்பிட்டேன் எனக்கே ஏன் போன் வருதுன்னு கேப்பாங்க. போன்ல ஆட்டோ ஆன்சர் சப்போர்ட் இருந்தா அதுக்கான சிப் ஹெடரை (இன்டர்நெட் போன் காலோட சேர்ந்து போற ஒரு குறிப்பு வரி) சேர்த்து அனுப்பி நேரா ஸ்பீக்கர்ல எடுக்க வெக்கலாம். ரெண்டு விஷயம் கவனிங்க. டைம்-அவுட் மதிப்பு மில்லிசெகண்ட்ல குடுக்கணும், நான் 30ன்னு போட்டு போன் ஏன் அடிக்கவே மாட்டேங்குதுன்னு அரை நாள் தேடினேன், போட வேண்டியது 30000. அப்புறம் அசிங்க்னு (காத்திருக்காம பின்னணில ஓடு) இருக்கற செட்டிங்கை ட்ரூன்னு போடலன்னா அந்த கால் எடுக்கற வரைக்கும் அந்த கனெக்‌ஷன் அங்கயே நின்னுடும், பின்னாடி வர்ற மத்தவங்க கிளிக் எல்லாம் வரிசைல காத்திருக்கும்.

இப்ப ட்ரான்ஸ்ஃபர். எங்க ரிசப்ஷன் அக்கா எக்ஸ்டென்ஷன் 201, கணக்கு பாக்கற தம்பி 205. வெளியிலேர்ந்து ஒருத்தர் கூப்பிடறாரு, அக்கா எடுத்து அஞ்சு நிமிஷம் பேசி எல்லாத்தையும் நோட்ல எழுதிட்டு, இருங்க கணக்கு பிரிவுக்கு தரேன்னு ஹோல்டுல போட்டுட்டு 205க்கு அடிக்கறாங்க. தம்பி ஸ்கிரீன்ல என்ன வரும்? ரிசப்ஷன்னு வரும். ஏன்னா சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் இது 201லேர்ந்து 205க்கு போற ஒரு புது கால், ஹோல்டுல இருக்கறவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அக்கா விஷயத்தை சொல்லிட்டு ட்ரான்ஸ்ஃபர் பட்டனை அமுக்கிட்டு போயிடறாங்க, இப்ப தம்பி பேசறது கஸ்டமர் கூட, ஆனா ஸ்கிரீன்ல இன்னும் ரிசப்ஷன் தான். அவரு மறுபடியும் உங்க பேர் சொல்லுங்கன்னு ஆரம்பிக்கறாரு. இவ்ளோ வேலை பண்ணி இணைச்சதுக்கு அர்த்தமே அந்த இடத்துல போயிடுது.

லாகை (வந்த இவென்ட்டுங்களோட பதிவு) எடுத்து பேப்பர்ல பிரின்ட் பண்ணி கலர் பேனாவால கோடு போட்டு பாத்தேன். ஆஸ்டரிஸ்க் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு யூனிக்ஐடி குடுக்குது, நேரமும் வரிசை எண்ணும் சேர்ந்தது, அதோட லிங்க்ட்ஐடின்னு இன்னொண்ணு, ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்ட சேனல் எல்லாத்துக்கும் அது ஒண்ணா இருக்கும். கஸ்டமர் சேனல் கடைசி எண் 118, அக்கா போன் 119, ரெண்டுக்கும் லிங்க்ட்ஐடி 118. அக்கா 205க்கு அடிச்சப்ப புதுசா 124, தம்பி போன் 125, இதுங்களுக்கு லிங்க்ட்ஐடி 124. ட்ரான்ஸ்ஃபர் முடிஞ்சதும் அட்டெண்டட்ட்ரான்ஸ்ஃபர்னு ஒரு இவென்ட், அக்காவோட ரெண்டு சேனலும் அதாவது 119ம் 124ம் கட் ஆகுது, மிச்சம் இருக்கறது 118ம் 125ம், ரெண்டும் ஒரே பிரிட்ஜ்ல (சேனல்களை பேச சேர்த்து வெக்கற இடம்), லிங்க்ட்ஐடி பழசு எதுவோ அதுவே ஜெயிக்கும், அதாவது 118. நான் முதல்ல எழுதின புரோகிராம் என்ன பண்ணுச்சுன்னா 119 கட் ஆனதும் கால் முடிஞ்சுதுன்னு ரெக்கார்டை மூடிடுச்சு, கஸ்டமர் அந்தப் பக்கம் இன்னும் பேசிட்டு இருக்காரு, சாஃப்ட்வேர்ல கால் முடிஞ்சு போச்சு. ரிப்போர்ட்டும் தப்பு, நோட்ஸும் தொலைஞ்சுது.

அப்ப தான் புரிஞ்சுது, சேனலை காலா நினைக்கக்கூடாதுன்னு. இப்ப எங்க சர்வீஸ்ல உரையாடல்னு ஒரு தனி டேபிள், அதுல ஒரு கஸ்டமர், அதுக்கு கீழ எத்தனை சேனல் வேணா வரும் போகும், கஸ்டமர் பக்கத்து சேனல் கட் ஆனா மட்டும் தான் உரையாடல் முடியும். ட்ரான்ஸ்ஃபர் இவென்ட்ல அக்காவோட ரெண்டு சேனல் ஐடியும் சேர்ந்தே வருது, அதை வெச்சு ரெண்டு கதையையும் ஒண்ணா சேர்த்துடறோம். அதோட இன்னொண்ணு பண்ணோம், 201 ஒருத்தரை ஹோல்டுல வெச்சிருக்கும்போது அதே 201லேர்ந்து 205க்கு புது கால் போனா, பட்டன் அமுக்கற வரைக்கும் காத்திருக்காம ஹோல்டுல இருக்கறவரோட கார்டையும் அக்கா எழுதின நோட்டையும் அப்பவே தம்பி ஸ்கிரீன்ல காட்டிடறோம். சில நேரம் அக்கா சும்மா வேற சந்தேகம் கேக்க கூட அடிச்சிருப்பாங்க, அப்ப அந்த கார்டு தேவையில்லாம வரும், பரவாயில்லன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க.

இது ஆஸ்டரிஸ்க்குக்கு மட்டும் இருக்கற பிரச்சனை இல்ல. ஈசிஎம்ஏங்கற ஸ்டாண்டர்ட் வகுக்கற அமைப்பு 1992லயே, கம்ப்யூட்டரும் போன் சிஸ்டமும் பேசிக்கறதுக்கு சிஎஸ்டிஏன்னு ஒரு ஸ்டாண்டர்ட் போட்டிருக்காங்க, பெரிய பிபிஎக்ஸ் நிறைய இன்னைக்கும் அதை தான் பேசுது. அதுல கால் ஐடி ஒண்ணு, டிவைஸ் ஐடி ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தா தான் ஒரு கனெக்‌ஷன்னு முதல்லயே பிரிச்சு வெச்சிருக்காங்க, ட்ரான்ஸ்ஃபர் ஆனா பழைய கால் ரெண்டோட அடையாளமும் இவென்ட்ல சேர்ந்து வரும். நான் மூணு மாசம் முட்டி மோதி கத்துக்கிட்டதை அவங்க முப்பது வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சு எழுதி வெச்சிருக்காங்க. எந்த சிஸ்டத்தோட வேலை செஞ்சாலும் அந்த மாடலை ஒரு தடவை படிச்சுட்டு ஆரம்பிங்க, உண்மையாவே நேரம் மிச்சமாகும்.

நெட்வொர்க் பக்கம் ஒரு நாள் ரொம்ப கஷ்டமா போச்சு. லீவு முடிஞ்சு வந்த முதல் நாள் காலைல யாருக்குமே கார்டு வரல. போன் அடிக்குது, பேசறாங்க, ஸ்கிரீன் மட்டும் அமைதி. சர்வீஸ் லாகை பாத்தா கனெக்டட்னே இருக்கு, ஒரு எர்ரர் கூட இல்ல. நடுவுல இருந்த ஃபயர்வால் ரொம்ப நேரம் எதுவும் போகலன்னு அந்த டிசிபி கனெக்‌ஷனை சத்தமில்லாம மறந்துடுச்சு, இந்தப் பக்கத்துக்கு அது தெரியவே தெரியாது. இப்ப 30 செகண்டுக்கு ஒரு தடவை பிங் ஆக்‌ஷன் அனுப்பறோம், பாங் வரலன்னா உடனே துண்டிச்சு மறுபடி கனெக்ட். மறுபடி கனெக்ட் ஆனதும் இன்னொரு வேலை இருக்கு, இடைப்பட்ட நேரத்துல நடந்த இவென்ட் எதுவும் திரும்ப வராது, அதனால கோர்ஷோசேனல்ஸ் (இப்ப ஓடற சேனல்கள்), க்யூஸ்டேட்டஸ் (க்யூ நிலவரம்) ரெண்டையும் கேட்டு இப்ப என்ன ஓடிட்டு இருக்குன்னு முழு படத்தையும் புதுசா கட்டிக்கணும். இதை செய்யலன்னா ஏற்கனவே முடிஞ்சு போன காலெல்லாம் ஸ்கிரீன்ல உயிரோட இருக்கற மாதிரி காட்டிட்டே இருக்கும்.

பாதுகாப்பு விஷயத்துல தயவு செஞ்சு அலட்சியமா இருக்காதீங்க. சாதாரணமா ஏஎம்ஐ என்கிரிப்ஷன் இல்லாம தான் போகும், டிஎல்எஸ் தனியா ஆன் பண்ணணும். 5038 போர்ட்டை இன்டர்நெட் பக்கம் திறந்து வெக்கவே கூடாது. யூசருக்கு பர்மிஷன் குடுக்கும்போது நிறைய உதாரணத்துல படிக்கவும் எழுதவும் ஆல்னு போட்டிருக்கும், அதை அப்படியே காப்பி பண்ணா அந்த யூசரால சர்வர்ல கமாண்டே ஓட்ட முடியும். எங்க சர்வீஸுக்கு தேவையானது கால் இவென்ட் படிக்கறது, க்யூ இவென்ட் படிக்கறது, இப்ப என்ன கால் ஓடுதுன்னு கேக்கறது, ஒரிஜினேட் பண்றது, இவ்ளோ தான் குடுத்திருக்கோம், அதுவும் ஒரே ஒரு ஐபிலேர்ந்து மட்டும். யாராவது உள்ள புகுந்து ராத்திரி முழுக்க வெளிநாட்டுக்கு கால் போட்டா பில் நம்ம தலைல தான் விழும்.

ஆஸ்டரிஸ்க்ல ஏஆர்ஐன்னு இன்னொரு இன்டர்ஃபேஸ் இருக்கே, அதை ஏன் போடலன்னு கேப்பீங்க. அது 2013ல ஆஸ்டரிஸ்க் 12 கூட வந்தது, ரெஸ்ட்டும் வெப்சாக்கெட்டும் ஜேசனும்னு வெப் புரோகிராம்ல வழக்கமா இருக்கற முறைங்க, புதுசா புரோகிராம் எழுதறவங்களுக்கு ஏஎம்ஐயை விட கைக்கு இதமா இருக்கும். ஆனா அது வேற வேலைக்கு. ஏஎம்ஐல கால் தன்னால ஓடும், நாம பக்கத்துல நின்னு பாக்கறோம், அப்பப்ப ஒரு கமாண்ட் குடுக்கறோம். ஏஆர்ஐல காலை ஸ்டேசிஸ்னு ஒரு இடத்துக்கு அனுப்பி மொத்த கன்ட்ரோலையும் நம்ம புரோகிராம் கையில குடுத்துடறோம், அடிக்க வெக்கறது, சேர்த்து விடறது, பாட்டு போடறது எல்லாம் நாம தான். எல்லா காலையும் அப்படி என் புரோகிராமை நம்பி விட எனக்கு மனசு வரல. திரும்ப கூப்பிடணும்னு கேக்கறவங்களுக்கான ஒரு மெனு மட்டும் ஏஆர்ஐல ஓடுது. அதுலயும் நம்ம புரோகிராம் கனெக்ட் ஆகாம இருந்தா ஸ்டேசிஸ் ஃபெயில் ஆகி டயல்பிளான்ல (கால் எப்படி போகணும்னு வரிசையா எழுதி வெக்கற இடம்) அடுத்த வரிக்கு போகும், அந்த அடுத்த வரில ரிசப்ஷனுக்கு அடிக்கற மாதிரி எழுதி வெச்சிருக்கேன்.

வெர்ஷன் மாத்தும்போது மட்டும் அவசரப்படாதீங்க. ஆஸ்டரிஸ்க் 12க்கு முன்னாடி எழுதின பழைய உதாரணங்கள் நெட்ல நிறைய கிடக்கு, ட்ரான்ஸ்ஃபர், பிரிட்ஜ் சம்பந்தப்பட்ட இவென்ட்டுங்க அதுக்கப்புறம் நிறைய மாறிடுச்சு. அப்கிரேட் பண்றதுக்கு முன்னாடி நாலஞ்சு விதமான காலோட முழு லாகை சேவ் பண்ணி வெச்சுக்கிட்டு, புது வெர்ஷன்ல அதே காலை திரும்ப போட்டு வரி வரியா ஒப்பிட்டு பாக்கறேன்.

சொந்தமா எழுத ஆளில்லாதவங்க ரெடிமேடா வர்ற கனெக்டரை (போனையும் சாஃப்ட்வேரையும் இணைக்கற புரோகிராம்) தான் வாங்குவீங்க, அது தப்பில்ல. டெமோ காட்ட வர்றவங்க கால் வந்ததும் பேர் வர்றதை காட்டுவாங்க, அது எல்லா கனெக்டர்லயும் வரும். நீங்க மூணு போனை மேஜை மேல வெக்க சொல்லுங்க. வெளியிலேர்ந்து ஒரு கால் வரட்டும், முதல் ஆள் எடுத்து ஒரு வரி நோட் எழுதட்டும், ஹோல்டுல போட்டு ரெண்டாவது ஆள் கிட்ட பேசிட்டு ட்ரான்ஸ்ஃபர் பண்ணட்டும், அவரு எதுவும் பேசாம நேரா மூணாவது ஆளுக்கு தள்ளி விடட்டும். மூணாவது ஸ்கிரீன்ல வர்றது யாரோட பேருன்னும், முதல் ஆள் எழுதின அந்த ஒரு வரி அங்க இருக்கான்னும் பாத்துட்டு அப்புறம் பேச்சை ஆரம்பிங்க.